குறையவே இல்லை என்றால் பயப்படுங்கள்

எதைச் சோதித்தாலும் "ஒன்றும் குறையவில்லை" என்ற பதில் வந்தால் சந்தோஷப்படுவதுதான் உலக வழக்கம். மார்க் குறையவில்லை, லாபம் குறையவில்லை, வண்டி மைலேஜ் குறையவில்லை... எல்லாமே நல்ல செய்தி. ஆனால் சின்ன விமானம் ஓட்டுகிற ஒரு விமானி, ஓடுபாதைக்குள் நுழைவதற்கு முன் செய்கிற ஒரு சோதனையில் மட்டும் கணக்கு தலைகீழ். அங்கே முள் கொஞ்சம் குறைந்தே ஆக வேண்டும். குறையவே இல்லை என்றால், அந்த விமானத்தின் மூக்குப் பக்கம் யாரையும் நிற்க விடக் கூடாது.

அந்தச் சோதனைக்குப் பெயர் மேக்னட்டோ செக். ஏன் இந்தத் தலைகீழ்க் கணக்கு என்று புரிந்துகொண்டால், விமானம் மட்டும் அல்ல, "பாதுகாப்பு" என்ற விஷயமே கொஞ்சம் வேறு மாதிரி தெரியும்.

முதலில் மேக்னட்டோ என்றால் என்ன?

பேட்டரி இல்லாமலே உதைத்துக் கிளப்பும் பழைய மொபெட் வைத்திருந்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். "பாயிண்ட் கருகிடுச்சு", "கண்டென்சர் போயிடுச்சு" என்று மெக்கானிக் சொன்னதையெல்லாம் இன்னும் ஞாபகம் வைத்திருப்பார்கள். விமானத்தில் இருப்பதும் அதே குடும்பம்தான். கொஞ்சம் பணக்காரச் சொந்தம்.

எஞ்சின் சுற்றும்போது கூடவே ஒரு நிரந்தரக் காந்தம் சுற்றுகிறது. பக்கத்தில் ஒரு கம்பிச் சுருள். தடித்த கம்பியில் சில நூறு சுற்றுகள், அதன் மேலேயே மெல்லிய கம்பியில் ஆயிரக்கணக்கான சுற்றுகள். காந்தம் சுற்றச் சுற்ற, தடித்த சுருளில் மின்சாரம் ஓடும். சரியான நொடியில் பாயிண்ட் திறந்து அந்த ஓட்டத்தைச் சட்டென்று வெட்டும். வெட்டிய அதிர்ச்சியில் மெல்லிய சுருளில் சுமார் 20,000 வோல்ட் எகிறும். அதை டிஸ்ட்ரிபியூட்டர் வாங்கி, எந்த சிலிண்டரின் முறையோ அந்த பிளக்குக்கு அனுப்பிவிடும். பொறி. வெடிப்பு. சுழற்சி.

இதில் பேட்டரி எங்கே வந்தது? வரவே இல்லை. அதுதான் விசேஷம். விமானத்தில் பேட்டரி செத்து, ஆல்டர்னேட்டரும் செத்து, ரேடியோ, விளக்கு எல்லாம் அணைந்து போனாலும் எஞ்சின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். சுற்றுகிற வரை பொறி, பொறி வருகிற வரை சுற்று.

தொழில்நுட்பம் ஒன்றும் புதிது இல்லை. ஜெர்மனியில் ராபர்ட் போஷின் பட்டறையில் காட்லோப் ஹோனோல்ட் என்ற பொறியாளர் 1902-லேயே உயர் அழுத்த மேக்னட்டோவை பிளக்கோடு சேர்த்துச் செய்து காட்டிவிட்டார். 1903-ல் ரைட் சகோதரர்கள் பறந்த எஞ்சினிலும் ஒரு பழைய வகை மேக்னட்டோ இருந்தது. நூறு வருஷம் தாண்டியும் பயிற்சிப் பள்ளிகளில் ஓடுகிற செஸ்னா 172 மாதிரியான விமானங்களில் இன்னும் மேக்னட்டோ சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஒன்று இல்லை, இரண்டு

மேக்னட்டோவும் பழுதாகும். பழுதானால் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு போகலாம். விமானத்தை எங்கே தள்ளுவது? அதனால் ஒரு எஞ்சினுக்கு இரண்டு மேக்னட்டோ, ஒரு சிலிண்டருக்கு இரண்டு பிளக். நான்கு சிலிண்டர் என்றால் எட்டு பிளக். அமெரிக்க விதிகளில் எஞ்சின் சான்றிதழுக்கான பகுதி (33.37 என்ற எண்) இதைத்தான் கேட்கிறது: சிலிண்டருக்கு இரண்டு பிளக், தனித்தனி மின்சுற்று, தனித்தனி மின்சார மூலம். அல்லது அதற்குச் சமமான நம்பகத்தன்மை உள்ள வேறு ஏற்பாடு. இந்த "அல்லது"வை ஓரமாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

செஸ்னா 172-ல் இடது மேக்னட்டோ இடப்பக்கத்துக் கீழ் பிளக்குகளுக்கும் வலப்பக்கத்து மேல் பிளக்குகளுக்கும் பொறி கொடுக்கும். வலது மேக்னட்டோ மீதியைப் பார்த்துக்கொள்ளும். குறுக்கே பிரித்திருப்பதற்குக் காரணம் உண்டு. எண்ணெய் கீழே வடிவதால் கீழ் பிளக்குகள்தான் அதிகம் அழுக்காகும். கீழ் பிளக் எல்லாம் ஒரே மேக்னட்டோவின் தலையில் விழுந்துவிடக் கூடாது.

ஆஃப் என்றால் ஆஃப் இல்லை

இப்போது முக்கியமான இடம். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

வீட்டில் ஃபேன் சுவிட்சை அணைத்தால் என்ன நடக்கிறது? கம்பி துண்டிக்கப்படுகிறது, மின்சாரம் போகவில்லை, ஃபேன் நிற்கிறது. சுவிட்சுக்குப் போகும் கம்பி அறுந்தாலும் ஃபேன் நின்றுவிடும். மேக்னட்டோ அப்படி இல்லை. அது தானே மின்சாரம் தயாரிக்கிறது. வெளியிலிருந்து எதுவும் வரவில்லை என்றால் எதைத் துண்டிப்பது? அதனால் அணைக்கும் வழியே வேறு. மேக்னட்டோவிலிருந்து ஒரு கம்பி விமானியின் சாவிக்கு வருகிறது. பி-லீட் என்று பெயர். சாவியை ஆஃப் பக்கம் திருப்பினால் அந்தக் கம்பி விமானத்தின் உலோக உடம்போடு இணைகிறது. அதாவது எர்த் ஆகிறது. அப்புறம் பாயிண்ட் திறந்தாலும் மின்ஓட்டம் வெட்டுப்படாது, பொறி வராது.

ஆக, இங்கே ஆஃப் என்பது இணைப்பு, ஆன் என்பது துண்டிப்பு.

இந்தக் கம்பி அறுந்தால்? மேக்னட்டோ ஆன்தான். சாவி ஆஃபில் இருந்தாலும் ஆன். சாவி விமானியின் பாக்கெட்டில், விமானி வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் ஆன்.

முட்டாள்தனமாகத் தோன்றுகிறதா? வேண்டுமென்றே செய்ததுதான். வானத்தில் அதிர்வில் ஒரு கம்பி அறுந்து எஞ்சின் நின்றுவிடக் கூடாது. கம்பி அறுந்தால் எஞ்சின் தொடர்ந்து ஓட வேண்டும். வானத்தில் இது நூற்றுக்கு நூறு சரியான முடிவு. ஆனால் வானத்தில் காப்பாற்றுகிற அதே குணம்தான் தரையில் ஆளைக் கொல்லும்.

முள் என்ன சொல்கிறது?

சாவியில் ஐந்து நிலை: ஆஃப், ரைட், லெஃப்ட், போத், ஸ்டார்ட். பறக்கும்போது 'போத்'. பறக்கும் முன் ஓடுபாதை ஓரத்தில் நிறுத்தி, செஸ்னா 172எஸ் என்றால் எஞ்சினை 1800 ஆர்.பி.எம்.-க்கு ஏற்றி, ஒரு தடவை ரைட், மறுபடி போத், ஒரு தடவை லெஃப்ட், மறுபடி போத். ஒவ்வொரு தடவையும் முள் சற்றுக் குறையும். குறைவு 150-ஐத் தாண்டக் கூடாது. இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் 50-க்குள் இருக்க வேண்டும். பழைய 172என் என்றால் 1700-ல் சோதனை, குறைவு 125 வரை, வித்தியாசம் அதே 50.

ஏன் குறைகிறது? சிலிண்டருக்குள் இரண்டு ஓரத்திலிருந்தும் தீ பற்றினால் சீக்கிரம் எரிந்து முடியும். ஒரே ஓரம் என்றால் தீ முழு அகலத்தையும் கடக்க வேண்டும், தாமதம். தாமதத்தின் விலைதான் அந்த நூற்றிச் சொச்சம் சுற்றுகள்.

எவ்வளவு குறைந்தது என்பதைவிட எப்படிக் குறைந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நல்ல மெக்கானிக் விமானியிடம் முதலில் கேட்பது அதைத்தான்.

அறிகுறி 1: குறைகிறது, எஞ்சின் உதறுகிறது. பெரும்பாலும் மேக்னட்டோ குற்றவாளி அல்ல. ஏதோ ஒரு பிளக்கில் அழுக்கு. இந்த எஞ்சின்கள் பல இடங்களில் இன்னும் குடிக்கிற 100எல்எல் பெட்ரோலில் ஈயம் உண்டு. அது சின்னச் சின்ன மணிகளாகப் பிளக்கில் படியும். எரிபொருள் கலவையை மெலிதாக்கி, எஞ்சினைச் சற்று வேகமாகச் சிறிது நேரம் ஓட விட்டால் பல நேரம் எரிந்து போய்விடும். போகவில்லை என்றால் பறக்கக் கூடாது, பட்டறைக்குத் திரும்ப வேண்டும்.

பட்டறையில் எட்டுப் பிளக்கையும் கழற்ற வேண்டியதில்லை. உதறுகிற மேக்னட்டோவில் மட்டும் சிறிது நேரம் ஓட்டிவிட்டு அணைத்து, எந்த சிலிண்டரின் புகைக்குழாய் ஆறிக் கிடக்கிறது என்று பார்த்தால் போதும். ஆறிய சிலிண்டரின் பிளக்கை வேறு சிலிண்டருக்கு மாற்றிப் போடு. கோளாறு பிளக்கோடு சேர்ந்து இடம் மாறினால் பிளக் குற்றவாளி. அதே இடத்திலேயே நின்றால் ஒயரோ மேக்னட்டோவோ குற்றவாளி. எந்தத் துறைக்கும் பொருந்துகிற துப்பறியும் முறை.

அறிகுறி 2: நிறையக் குறைகிறது, ஆனால் உதறல் இல்லை. எல்லா சிலிண்டரும் ஒரே மாதிரி சோர்ந்து போயிருக்கின்றன என்று அர்த்தம். கலவையில் பெட்ரோல் அதிகமாக இருக்கலாம். அது சரி என்றால் மேக்னட்டோவின் டைமிங் பின்னால் போயிருக்கிறது, பொறி தாமதமாக வருகிறது.

அறிகுறி 3: காலையில் ஜம்மென்று கிளம்பும், அரை மணி நேரம் பறந்தபின் இருமும். சுருளின் காப்புப் பூச்சோ கண்டென்சரோ சூட்டில் கைவிடுகிறது. பட்டறையில் ஆறிய பிறகு சோதித்தால் "எல்லாம் சரியாத்தானே இருக்கு" என்பார்கள். விமானிக்கும் மெக்கானிக்குக்கும் சண்டை வருகிற பழுது இதுதான்.

அறிகுறி 4: தரையில் நன்றாக இருக்கிறது, உயரம் போனால் உதறுகிறது. உயரத்தில் காற்று மெலிது. மெலிந்த காற்றில் பொறி தாவுவது சுலபம். பிளக்குக்குப் போக வேண்டிய பொறி டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளேயே தப்பான முனைக்குத் தாவிவிடும். உயரம் போகிற டர்போ எஞ்சின்களில் மேக்னட்டோவுக்குள் காற்றை அழுத்தி அனுப்புவது இதற்காகத்தான்.

அறிகுறி 5: ஒரு பக்கம் திருப்பியதும் எஞ்சின் சாகிறது. அந்த மேக்னட்டோ வேலை செய்யவில்லை. அல்லது பி-லீட் எங்கோ உரசி எர்த் ஆகிக் கிடக்கிறது. அறுந்தால் நிரந்தர ஆன், உரசினால் நிரந்தர ஆஃப். ஒரே கம்பி, இரண்டு எதிரெதிர் நோய்! பதறிப்போய் உடனே போத்துக்குத் திருப்பக் கூடாது. எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் சேர்ந்திருக்கும், திருப்பினால் படார். முதலில் த்ராட்டிலைக் குறைக்க வேண்டும்.

கணக்கு டேலி ஆனாலும் தப்பு

கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு ஈடுசெய் பிழை தெரியும். ஒரு பக்கம் 500 ரூபாய் கூட எழுதி, இன்னொரு பக்கமும் 500 ரூபாய் கூட எழுதினால் இருப்பாய்வு அழகாக டேலி ஆகும். கணக்கு மட்டும் தப்பு.

மேக்னட்டோவுக்குள்ளும் இதே கூத்து. பாயிண்டின் முனைகள் பொறியில் தேயத் தேய இடைவெளி அதிகமாகி, சீக்கிரம் திறக்கும். பொறி முந்தும். பாயிண்டைத் தள்ளுகிற கட்டை தேயத் தேய இடைவெளி குறைந்து, தாமதமாகத் திறக்கும். பொறி பிந்தும். இரண்டும் சேர்ந்து தேய்ந்தால் ஒன்றை ஒன்று ஈடுகட்டும். வெளியிலிருந்து டைமிங் பார்த்தால் சரியாகவே காட்டும். உள்ளே இரண்டு பாகமும் ஆயுள் முடிந்து கிடக்கும்.

அதனால்தான் 500 மணி நேரத்துக்கு ஒருமுறை, ஓடுகிறதோ இல்லையோ, மேக்னட்டோவைக் கழற்றித் திறந்து பார்க்கச் சொல்கிறார்கள். "நல்லாத்தானே ஓடுது, எதுக்குப் பிரிக்கணும்?" என்று செலவைத் தள்ளிப்போடுகிற விமான உரிமையாளர்கள் டேலி ஆன இருப்பாய்வைப் பார்த்துவிட்டு ஆடிட்டரை அனுப்பிவிடுகிறவர்கள்.

இரண்டு கையெழுத்து, ஒரே பேனா

அந்த "அல்லது" ஞாபகம் இருக்கிறதா? 1977-ல் வந்த செஸ்னா 172என்-னில் லைகாமிங் ஓ-320-ஹெச்2ஏடி என்ற எஞ்சின். பெயரின் கடைசியில் இருக்கும் 'டி' எழுத்து, இரட்டை மேக்னட்டோ ஒரே கூட்டுக்குள் இருக்கிறது என்பதற்கு அடையாளம். சுருள் இரண்டு, பாயிண்ட் இரண்டு. ஆனால் சுற்றுகிற தண்டு ஒன்று, கூடு ஒன்று. இடமும் எடையும் மிச்சம்.

சுருள் போனாலோ பாயிண்ட் போனாலோ மற்றது காப்பாற்றும். தண்டு உடைந்தால்? கூட்டைப் பிடித்திருக்கும் கிளாம்ப் தளர்ந்து கூடே திரும்பிவிட்டால்? இரண்டும் ஒன்றாகப் போகும். செக்கில் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும் என்று விதி வைத்துவிட்டு, இரண்டு கையெழுத்தையும் ஒரே ஆள் போடுகிற மாதிரி. எண்ணிக்கையில் இரண்டு இருப்பது வேறு, ஒன்றை ஒன்று நம்பாமல் இரண்டு இருப்பது வேறு.

தனித்தனியாக இருந்தாலும் ஒரு வேடிக்கை உண்டு. வானத்தில் ஒரு மேக்னட்டோ பேசாமல் செத்துப்போனால் பெரிய பிரச்சினை இல்லை. லேசாக ஆர்.பி.எம். குறையும், புகையின் வெப்பநிலை ஏறும், எஞ்சின் ஓடும். ஆனால் உள்ளே ஒரு பற்சக்கரம் பல் உடைந்து, கண்ட நேரத்தில் கண்ட சிலிண்டருக்குப் பொறி அனுப்ப ஆரம்பித்தால்தான் ஆபத்து. செத்தவன் தொந்தரவு செய்ய மாட்டான், பைத்தியம் பிடித்தவன் செய்வான். அப்போது இரண்டையும் சேர்த்து ஓட்டினால் எஞ்சின் நடுங்கும். லெஃப்ட், ரைட் என்று மாற்றிப் பார்த்து, எதில் அமைதியாக ஓடுகிறதோ அதிலேயே விட்டுவிட்டுப் பக்கத்து விமான நிலையத்தில் இறங்க வேண்டும்.

கடைசி அறிகுறி: குறையவே இல்லை

சாவியை ரைட்டுக்குத் திருப்பியாகிவிட்டது, முள் அசையவில்லை. "ஆஹா, என்ன அருமையான எஞ்சின்!" என்று தோன்றும். உண்மையில் நடந்தது என்ன? இடது மேக்னட்டோவை அணைக்கச் சொன்னார்கள், அது அணையவில்லை. பி-லீட் அறுந்திருக்கலாம், சாவிக்குள் இணைப்பு தேய்ந்திருக்கலாம். பறக்க ஒரு குறையும் இல்லை. பறந்து முடிந்து, ஆஃப் செய்து, எல்லோரும் இறங்கி நிற்கும்போதுதான் அது உயிரோடு இருக்கிறது.

சும்மா நிற்கிற எஞ்சினில் பொறி எப்படி வரும் என்று கேட்கலாம். கையால் புரொப்பெல்லரைத் திருப்புகிற வேகத்துக்கு மேக்னட்டோ பொறி கொடுக்காதுதான். ஆனால் ஸ்டார்ட் செய்ய உதவுவதற்காகவே இம்பல்ஸ் கப்ளிங் என்று ஒரு ஸ்பிரிங் வைத்திருக்கிறார்கள். மெதுவாகத் திருப்பினாலும் ஸ்பிரிங் இறுகி, 'க்ளிக்' என்று விடுபட்டு, காந்தத்தை வேகமாகச் சுண்டிவிடும். அந்த ஒரு சுண்டலுக்கு நல்ல பொறி கிடைக்கும். சிலிண்டரில் மிச்சம் மீதி பெட்ரோல் ஆவி இருந்தால் போதும். ஒரே ஒரு சிலிண்டர் ஒரே ஒரு தடவை வெடித்தால் புரொப்பெல்லர் ஒரு வீச்சு வீசும். அதைப் பிடித்திருந்த கை, பக்கத்தில் இருந்த தலை... மேலே எழுத வேண்டாம்.

அதனால்தான் சிலிண்டருக்குள் பெட்ரோல் மிச்சம் நிற்காத மாதிரி, எஞ்சினை நிறுத்தும்போது சாவியால் நிறுத்தாமல் பெட்ரோலை நிறுத்தி அணைக்கிறார்கள். அணைக்கும் முன், எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஒரு கணம் சாவியை ஆஃபுக்குத் திருப்பி, எஞ்சின் சாகப் பார்க்கிறதா என்று கவனித்துவிட்டுப் போத்துக்குத் திரும்புவது நல்ல பழக்கம். பெண்டிக்ஸ் வகைச் சாவிகளில் ஆஃப் நிலையிலும் மேக்னட்டோ அணையாமல் போகிறது என்று தெரிந்து, 1976-ல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் இதை 100 மணி நேரத்துக்கு ஒருமுறை கட்டாயம் சோதிக்க வேண்டும் என்று உத்தரவே போட்டது. செலவு பூஜ்யம். நேரம் இரண்டு நொடி. இருந்தும் இதைச் செய்யாமல் இறங்கிப் போகிறவர்கள் உண்டு. பறந்தது நன்றாகப் பறந்தது அல்லவா, அந்தத் திருப்தி.

இப்போது மேக்னட்டோவின் இடத்தில் பாயிண்டே இல்லாத எலக்ட்ரானிக் பொறி அமைப்புகள் அங்கீகாரம் பெற்று வந்துகொண்டிருக்கின்றன. ரோட்டாக்ஸ் 912 எஞ்சினில் ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான். தேய்மானம் குறையும், டைமிங் துல்லியமாக இருக்கும். ஆனால் அங்கேயும் இரண்டு இருக்கிறது, அங்கேயும் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறார்கள்.

மேக்னட்டோ செக்கில் "இது வேலை செய்கிறதா?" என்பது பாதிக் கேள்விதான். "வேண்டாம் என்றால் நிற்கிறதா?" என்பது மீதிப் பாதி. முதல் பாதிக்குப் பதில் கிடைத்ததுமே எல்லோரும் கிளம்பிவிடுகிறார்கள். இரண்டாவது பாதிக்குப் பதில் முள்ளின் அந்தச் சின்ன இறக்கத்தில் இருக்கிறது. எங்காவது விமானப் பட்டறைப் பக்கம் போக நேர்ந்தால், சாவி ஆஃபில் இருந்தாலும் சரி, சாவியே யாரோ ஒருவரின் கையில் இருந்தாலும் சரி, நிற்கிற புரொப்பெல்லர் மேல் சாய்ந்து மட்டும் போட்டோ எடுத்துக்கொள்ளாதீர்கள்.